கல்லய்யாவும் தட்டுமாத்தியும்

மூடிக் கிடந்த ஐஸ் பேக்டரிக்கு இப்படி ஒரு யோகம் அடிக்கும் என்று அதைக் கட்டிய முதலாளி கனவிலும் நினைத்திருக்க மாட்டார். ஐஸ் விற்ற காலத்தில் வாசலில் நாலு சைக்கிள் நின்றால் அன்றைக்கு அமோக வியாபாரம். இப்போது பொழுது விடிவதற்குள் இருநூறு பேர் நிற்கிறார்கள். பஸ் நிலையத்தில் இறங்குகிறவரிடம் ஆட்டோக்காரர்கள் "எங்கே போகணும்?" என்று கேட்பதையே விட்டுவிட்டார்கள். முகம் வாடியிருந்தால் போதும், "கல்லய்யா தானே? ஏறுங்க" என்கிறார்கள்.

கல்லய்யா என்பது பட்டப்பெயர். சொந்தப் பெயர் என்ன, இதற்கு முன்னால் எங்கே இருந்தார், எவருக்கும் தெரியாது. மகான்களிடம் அடையாள அட்டை கேட்கிற கெட்ட பழக்கம் நம் ஜனங்களுக்குக் கிடையாது. இரத்தத்தில் ஒளிந்திருக்கும் சாபத்தைக் கண்ணெதிரே கல்லாக உறைய வைப்பார், ஏழு அமர்வில் அதை அவிழ்த்தும் விடுவார். அதுதான் அவருடைய வித்தை. கூலி வாங்க மாட்டார். மூலையில் குளிர்சாதனப் பெட்டி உயரத்துக்கு ஓர் உண்டியல் மட்டும் சும்மா நிற்கும்.

வரிசையின் கடைசியில் ஒருவர் சொன்னார்: "போன வாரம் ஒரு லாரி டிரைவர் உடம்புலருந்து அரைக் கிலோ கல்லு எடுத்தாராம்."

நடுவில் நின்றவர், "அரைக் கிலோவா? ஒன்னேகால் கிலோ!" என்றார்.

வாசலுக்குப் பக்கத்தில் போய்ச் சேர்வதற்குள் அது மூன்று கிலோ ஆகிவிட்டது. வரிசை நகர நகரக் கல் கனத்துக்கொண்டே போனது. அதை எந்தத் தராசில் நிறுத்தார்கள், எவன் பார்த்தான் என்று கேட்க வேண்டிய ஓர் ஆள் அந்த வரிசையில்தான் நின்றார். அவரும் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார் என்பதுதான் கொடுமை.

அவர் எடையளவு இன்ஸ்பெக்டர். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். அவர் சந்தைக்குள் காலை வைத்தால் கடைக்காரர்கள் தராசைத் துடைக்கத் தொடங்கிவிடுவார்கள். எந்தக் கடைக்குப் போனாலும் முதல் வேலையாகச் சரக்கை இந்தத் தட்டிலும் எடைக்கல்லை அந்தத் தட்டிலும் வைக்கச் சொல்வார். முள் நேராக நிற்கும். "சரி, தட்டை மாத்து" என்பார். சரக்கு அந்தப் பக்கம், கல் இந்தப் பக்கம். நேர்மையான தராசு அப்போதும் நேராகவே நிற்கும். கள்ளத் தராசு மானத்தை வாங்கிவிடும். அதனால் சந்தையில் அவருக்குத் தட்டுமாத்தி என்று பெயர். அந்தப் பெயரில் அவருக்கு உள்ளூரப் பெருமையும் உண்டு.

"நான் காதால கேட்டதை நம்பற ஆளில்ல. கண்ணால பாத்ததைத்தான் நம்புவேன்" என்பது அவர் அடிக்கடி அடிக்கிற வசனம். கல்லய்யா அந்தக் கண் வழியாகத்தான் அவர் மனசுக்குள் நுழைந்தார்.

தட்டுமாத்தியின் மனைவிக்கு அப்போது பதினோரு வாரமாகக் காய்ச்சல். வரும், போகும், மறுபடி வரும். பள்ளிக்கூடச் சீருடை தைத்துக் கொடுக்கிறவர். ஒரு நாளைக்கு எட்டுச் சட்டை முடித்துவிட்டு, அதற்கு மேலும் வாயாடத் தெம்பு வைத்திருந்த பெண்மணி. இப்போது ஊசியில் நூல் கோக்கக் கை நடுங்கியது. கைகால்கள் குச்சியாகிவிட்டன, நிறம் கறுத்துவிட்டது. வயிறு மட்டும் இடப் பக்கமாக உப்பிக்கொண்டு வந்தது. முதலில் ஒரு கிளினிக்கில் சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை கொடுத்தார்கள். இரண்டாவது கிளினிக்கில் வேறு நிறத்தில் மாத்திரை கொடுத்தார்கள். மனிதர் பயந்து போனார். அந்தப் பயத்தோடுதான் மனைவியைக் கூட்டிக்கொண்டு ஐஸ் பேக்டரிக்குப் போனார்.

உள்ளே வெள்ளை ஓடு பதித்த பெரிய கூடம். முன்பு ஐஸ் தொட்டி இருந்த மேடையில் கல்லய்யா வீற்றிருந்தார். நரைத்த தாடி, இஸ்திரி போட்ட வெள்ளை அங்கி. சாம்பிராணிப் புகை மூச்சை முட்டியது. எதிரே மேஜை மேல் நீலக் குப்பி ஒன்று, பச்சைக் குப்பி ஒன்று, வரிசையாகச் சின்னச் சின்னக் கண்ணாடிக் குவளைகள். புது ஊசியைப் பிரித்து அவரே இரத்தம் எடுத்தார். மகா சுத்தமான மகான்! எடுத்ததைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி அப்படியே நிறுத்தி வைத்துவிட்டு ஒரு மணி நேரம் ஏதேதோ முணுமுணுத்தார். அதற்குள் இரத்தம் கட்டியாக அடியில் தங்கி, மேலே மஞ்சளாகத் தெளிநீர் மிதந்தது.

"கீழ இருக்கறது உடம்பு. மேல நிக்கறது விதி" என்றார் கல்லய்யா. அந்த மஞ்சள் நீரை உறிஞ்சிக் குவளையில் விட்டார். நீலக் குப்பியிலிருந்து இரண்டு சொட்டு. சில நிமிஷங்களில் மஞ்சள் நீர் கலங்கி, வெளுத்து, வேகவைத்த முட்டையின் வெள்ளைக்கரு போல் இறுகிவிட்டது. கல்லய்யா குவளையைத் தலைகீழாகக் கவிழ்த்தார். ஒரு சொட்டு விழவில்லை.

"பாத்தீங்களா? கல்லு!"

அங்கே நின்ற அத்தனை பேருக்கும் கண்ணில் நீர் வழிந்தது. தட்டுமாத்திக்கும் வழிந்தது. "பாவம் கரையும்போது கண்ணு கலங்கத்தான் செய்யும், அழுங்க" என்றார் கல்லய்யா. அழுதார்கள். மூக்கும் சேர்ந்து ஒழுகியது. பாவம் மூக்கு வழியாகவும் கரையும் போலிருக்கிறது.

"ஏழு அமர்வு. வாரம் ஒன்னு. ஏழாவது அமர்வுல பச்சைப் பாட்டில் நீரை விட்டுப் பாப்போம். உறையாம நின்னா சாபம் போச்சு. அதுவரைக்கும் ஒரு மாத்திரை, ஒரு ஊசி கூடாது. மருந்து வாசனை பட்டா கல்லு பயந்து எலும்புக்குள்ள ஒளிஞ்சுக்கும். அப்புறம் நான் பொறுப்பில்ல."

மனைவி வெளியே வந்ததும் கேட்டார்: "ஏங்க, உங்களுக்கு எந்தச் சாபமும் இல்லையே, நீங்க ஏன் அழுதீங்க?"

"தானா வந்துச்சுடி. அது தான் அவரோட சக்தி."

"எனக்கு வெங்காயம் நறுக்குனாலும்தான் வருது" என்றார் அவர். பேச்சில் இன்னும் உப்பு இருந்தது. உடம்பில்தான் ஒன்றுமில்லை.

தட்டுமாத்திக்கு நம்பிக்கை தலைக்கேறிவிட்டது. கண்ணால் பார்த்தாயிற்றே! ஆபீசில் சொன்னார், சந்தையில் சொன்னார், பஸ்ஸில் பக்கத்து சீட்காரரிடம் சொன்னார். காய்ச்சல் விடாத வீடு எது என்று விசாரித்துப் போய்ச் சொன்னார். மற்றவர் சொன்னால் ஜனங்கள் ஒரு நிமிஷமாவது யோசித்திருப்பார்கள். "தட்டுமாத்தியே நம்பறார்னா சும்மாவா இருக்கும்?" என்று பதினான்கு பேர் அவர் பின்னால் கிளம்பினார்கள். அதில் முதல் ஆள் ஒரு பஸ் கண்டக்டர். அவருக்கு லீவு கிடைக்கவில்லை என்பதால் ஏழு அமர்வையும் ஏழே நாளில் முடித்துக் கொடுத்தார் கல்லய்யா. சாபத்துக்கும் எக்ஸ்பிரஸ் சர்வீஸ் உண்டு. ஏழாம் நாள் பச்சைக் குப்பி நீரை விட்டார், மஞ்சள் மஞ்சளாகவே நின்றது. கண்டக்டரைப் படமெடுத்து, 'பூரண குணமடைந்தவர்' என்று எழுதிச் சுவரில் மாட்டினார்கள்.

மூன்றாவது வாரம் கொழுந்தியாள் வந்தாள். பெரிய ஆஸ்பத்திரியின் பரிசோதனைக் கூடத்தில் வேலை. வேறு ஊரில் பயிற்சிக்குப் போயிருந்தவள் திரும்பி வந்து அக்காவைப் பார்த்ததும் கைப்பையைக் கூடக் கீழே வைக்கவில்லை. அக்காவின் வயிற்றை இடப் பக்கம் அழுத்திப் பார்த்தாள். பிறகு விரலில் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுத்து, தான் கொண்டுவந்திருந்த காகிதப் பட்டையில் விட்டாள். கால் மணி நேரத்தில் அதில் இரண்டு கோடு தெரிந்தது.

"கருங்காய்ச்சல்" என்றாள். "நாளைக்கே ஆஸ்பத்திரியில சேக்கணும்."

"கோடு காட்டறியா? அவர் கல்லையே காட்டினார்!" என்றார் தட்டுமாத்தி.

"மாமா, சித்த வாயை மூடிட்டுக் கேளுங்க. கொசுவுல மூணுல ஒரு பங்குகூட இல்லாத பூச்சி ஒன்னு இருக்கு. மணல் ஈன்னு பேரு. பறந்தா சத்தமே வராது. இதோ, அக்கா மெஷினுக்குப் பின்னாடி சுவர் வெடிச்சு ஈரமா கிடக்குதே, இந்த மாதிரி இடந்தான் அதுக்கு மாளிகை. அது கடிக்கும்போது லீஷ்மேனியான்னு ஒரு கிருமியை உள்ள விட்டுட்டுப் போயிடும். உள்ள வரும்போது அதுக்குச் சாட்டை மாதிரி ஒரு வால். நீந்தி வரும்."

"உடம்புக்குள்ள போலீஸ் இல்லையா? வெள்ளையணுன்னு படிச்சிருக்கேனே."

"இருக்கே. கிருமியைக் கண்டதும் அப்படியே முழுங்கும். முழுங்கி, தன் வயித்துக்குள்ள அமிலத்தை ஊத்திக் கரைக்கும். மத்த கிருமி கரைஞ்சுடும். இது மேல சர்க்கரையும் கொழுப்பும் சேர்ந்த ஒரு சட்டை போட்டிருக்கும். அந்தச் சட்டை போலீஸ்காரன் கையைக் கொஞ்ச நேரம் கட்டிப் போட்டுடும். அதுக்குள்ள இது வாலைச் சுருக்கிட்டு உருண்டையா மாறிக்கும். மாறிட்டா அமிலத்துலயே கால் நீட்டிப் படுத்துக்கும். சொல்லப்போனா அந்த அமிலமும் உடம்புச் சூடும்தான், 'வீடு வந்தாச்சு, உருவத்தை மாத்து'ன்னு அதுக்குக் கிடைக்கிற சேதியே. அங்கயே தின்னு, அங்கயே பெருகி, அந்த அணு வெடிச்சதும் அடுத்த அணுவுக்குக் குடிபோகும்."

"திருடன் போலீஸ் ஸ்டேஷன்லயே குடித்தனம் பண்றான்னு சொல்லு."

"பரவாயில்லையே, மூளை வேலை செய்யுது! அக்காவோட மண்ணீரல் பூரா இப்ப அந்த மாதிரி ஸ்டேஷன்தான். அதான் வயிறு வீங்குது. இதுக்கு மருந்து இருக்கு மாமா. படுக்க வச்சு டிரிப் ஏத்தணும். சில நாள்ல காய்ச்சல் இறங்கிடும். ஏத்தலேன்னா..." அவள் அக்காவைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். "இது தானா ஆற நோயில்ல. விட்டா ஆளைக் கொண்டுபோயிடும்."

தட்டுமாத்தி கொஞ்சம் ஆடித்தான் போனார். ஆனால் மருந்து வாசனை பட்டால் கல் எலும்புக்குள் போய்விடும் என்று கல்லய்யா சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. எலும்புக்குள் போய்விட்டால் என்ன செய்வது? பயந்தவனிடம் இரண்டு பேர் பேசினால், அவன் யார் சொல்வது சரி என்று பார்ப்பதில்லை. யார் அதிகமாகப் பயமுறுத்தினார் என்று பார்க்கிறான். "ஏழாவது அமர்வு முடியட்டும். அப்புறம் பாப்போம்" என்றார். கொழுந்தியாள் கத்தினாள், கெஞ்சினாள். கடைசியில் அக்காவே, "விடுடி. இவரு மனசு ஆறட்டும்" என்று படுத்துக்கொண்டார். சண்டை போடக்கூட உடம்பில் தெம்பு இல்லை.

ஆறாவது அமர்வு முடிந்த ஆறாம் நாள் தட்டுமாத்தி சந்தைக்குத் தராசுகளைச் சோதித்து முத்திரை போடப் போனார். காய்கறிக் கடைகளில் நான்காவது கடை கண்டக்டரின் மனைவியுடையது. எப்போதும், "வாங்க சார், மாத்துங்க உங்க தட்டை!" என்று சத்தமாகக் கேலி செய்கிற பெண். அன்றைக்குப் பேசவில்லை. தராசை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"என்னம்மா, வீட்டுக்காரர் டூட்டிக்குப் போயாச்சா?"

"போயாச்சு. போன செவ்வாய்க்கிழமை மண்ணுக்குப் போயாச்சு."

தட்டுமாத்தி கையிலிருந்த முத்திரைப் பெட்டியைக் கீழே வைத்தார்.

"குணமாயிடுச்சுன்னு போட்டோ புடிச்சு மாட்டினாங்களே சார், அந்தப் போட்டோதான் அவர் கடைசியாச் சிரிச்சது. வீட்டுக்கு வந்து அஞ்சாம் நாள் மறுபடி காய்ச்சல். அப்புறம் மூக்குல ரத்தம். அந்தாளுகிட்ட தூக்கிட்டு ஓடினேன். உனக்கு நம்பிக்கை பத்தலைன்னான்."

பிறகு குரலை உயர்த்தாமல் கேட்டாள்:

"பதினஞ்சு வருஷமா என் தட்டை மாத்தி மாத்திப் பாத்தீங்க. ஒரு கத்தரிக்காய் கூடக் குறையக் கூடாதுன்னு பாத்தீங்க. அந்தாளு ரெண்டு பாட்டில் வச்சிருந்தானே. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அதை மாத்தி விடுய்யான்னு கேட்டீங்களா?"

முத்திரைப் பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு மனிதர் வீட்டுக்கு ஓடினார். மனைவியின் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கண்டக்டர் செத்ததைச் சொன்னார். கொழுந்தியாளும் அங்கே இருந்தாள். இந்த முறை சாம்பிராணியும் இல்லை, குப்பியும் இல்லை. அழுகை அதுவாகவே வந்தது.

கொழுந்தியாள் இரக்கம் காட்டவில்லை. "மாமா, அன்னைக்கு ஒரு வெள்ளையணு கதை சொன்னேனே. அது நீங்கதான். கள்ளனைப் புடிக்கச் சம்பளம் வாங்கற ஆளு நீங்க. அவனைப் புடிக்காம, உள்ள வச்சுக் காப்பாத்தி, பதினாலு பேருக்குப் பரப்பியும் விட்டிருக்கீங்க."

"ஆமா" என்றார் தட்டுமாத்தி. "இப்பவே கிளம்பு. இவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிடலாம்."

"நாளைக்கு மதியம்தான் கட்டில் காலியாகுது. சொல்லி வச்சிருக்கேன்."

அப்போது மனைவி கையூன்றி எழுந்து உட்கார்ந்தார். "அப்ப காலையில எனக்கு வேற வேலை இல்ல. நாளைக்கு ஏழாவது அமர்வு. என்னை அங்க கூட்டிட்டுப் போங்க. நீங்க சேத்து விட்ட மிச்சம் பதிமூணு பேரும் அங்கதான் நிப்பாங்க. அவங்க முன்னாடி கேளுங்க. வீட்டுக்குள்ள உக்காந்து அழுதா யாருக்கு என்ன பிரயோஜனம்?"

மறுநாள் காலை கூடம் நிரம்பி வழிந்தது. கொழுந்தியாள் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, "ஐயா, எனக்கும் ஒரு மாதிரி கிறுகிறுன்னு வருது, பாத்துச் சொல்லுங்க" என்று கை நீட்டினாள். அக்கா இரத்தம் ஒரு குழாயில், தங்கை இரத்தம் ஒரு குழாயில். ஒரு மணி நேரம் முணுமுணுப்பு. மஞ்சள் நீர் இரண்டிலும் மிதந்தது.

கல்லய்யா அக்காவின் மஞ்சள் நீரைக் குவளையில் விட்டார். பச்சைக் குப்பியிலிருந்து இரண்டு சொட்டு. காத்திருந்தார்கள். உறையவில்லை.

"சாபம் அவிழ்ந்தது!" என்றார் கல்லய்யா. கூட்டம் ஆரவாரித்தது. நிற்கவே முடியாமல் கணவர் தோளில் சாய்ந்திருந்த அம்மாளைப் பூரண குணம் பெற்றவர் என்று படமெடுக்க ஒருவன் ஓடி வந்தான்.

"கொஞ்சம் இருங்க" என்றார் தட்டுமாத்தி. "குழாய்ல இன்னும் மிச்சம் இருக்கு. அதை இன்னொரு குவளையில விட்டு, நீலப் பாட்டில்லருந்து ரெண்டு சொட்டு போடுங்க."

கல்லய்யாவின் கை நின்றது. "எதுக்கு?"

"எதுக்குமில்ல. தட்டை மாத்தறேன்."

"தம்பி, நீலம் சாபத்தைக் கட்டற நீர். சாபமே இல்லாத ரத்தத்துல அதை விட்டா ஒன்னும் ஆகாது."

"ஒன்னும் ஆகாதுன்னா விட்டுக் காட்டறதுல என்ன கஷ்டம்?"

"ஐயாவையே சோதிக்கறியா?" என்று நாலு பேர் எகிறினார்கள். தட்டுமாத்தி அடையாள அட்டையை எடுத்து உயர்த்திப் பிடித்தார். "சந்தையில உங்களுக்குக் கால் கிலோ குறைஞ்சா என்கிட்டதானே வந்து கத்தறீங்க? அப்ப நான் சோதிச்சா இனிக்குது, இப்ப கசக்குதா? நான்தான் உங்களை இங்க கூட்டிட்டு வந்தேன். நான்தான் கேப்பேன்!"

கூட்டத்தில் சலசலப்பு. "விட்டுத்தான் காட்டுங்களேன் ஐயா, அவர் மூக்கு உடையட்டும்" என்றது ஒரு குரல். பக்தர்களே கேட்ட பிறகு மகான் என்ன செய்வார்? விட்டார். நீலம், இரண்டு சொட்டு.

மஞ்சள் கலங்கியது. வெளுத்தது. தட்டுமாத்தி குவளையை எடுத்துக் கவிழ்த்தார். ஒரு சொட்டு விழவில்லை. ஒரே உடம்பு, ஒரே குழாய், ஒரே மஞ்சள் நீர். பச்சைக் குவளையில் பூரண குணம், நீலக் குவளையில் முழுச் சாபம்.

ஆனால் கல்லய்யாவைச் சாதாரணமாக எடை போட்டுவிடாதீர்கள். அரை நிமிஷத்தில் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா அக்கிரமத்தை! போன சாபம் திரும்பி வந்துடுச்சு! இவன் சந்தேகப்பட்டான், அதான் வந்துடுச்சு!"

"ஆமா, ஆமா" என்றது கூட்டம். நம் ஆட்கள் அப்படிச் சுலபத்தில் கைவிட மாட்டார்கள்.

"ஓஹோ. சந்தேகப்பட்டா கல்லு வருமா?" என்றார் தட்டுமாத்தி. "அப்ப என் கொழுந்தியா ரத்தத்துல நீலத்தை விடுங்க. இவளை மாதிரி சந்தேகப் பிசாசு இந்த ஊர்லயே கிடையாது. முதல் நாள்லருந்து உங்களை அயோக்கியன்னு சொல்லிட்டிருக்கா. மலையளவு கல்லு வரணுமே!"

எவனோ சிரித்துவிட்டான். சிரிப்பு வந்துவிட்டால் சாம்பிராணி வேலை செய்யாது. கொழுந்தியாளின் மஞ்சள் நீரில் நீலம் விழுந்தது. ஐந்து நிமிஷம் ஆயிற்று. பத்து நிமிஷம் ஆயிற்று. இருபது நிமிஷமும் ஆயிற்று. தண்ணீராகவே நின்றது.

தோற்ற மனிதன் அத்தோடு வாயை மூடியிருக்கலாம். கல்லய்யாவுக்கு அது தனக்குக் கிடைத்த வெற்றியாகப் பட்டது. "பாருங்க ஜனங்களே! நோயாளிக்கு உறையுது, நல்லா இருக்கறவளுக்கு உறையல! என் நீர் பொய் சொல்லுதா?"

"சொல்லல" என்றாள் கொழுந்தியாள். "அதுதான்யா நீ பண்ணின பாவம்!"

மேஜைக்கு அருகே போய் நீலக் குப்பியைத் திறந்து கூட்டத்தின் பக்கம் நீட்டினாள். முன்வரிசைக்காரர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு பின்வாங்கினார்கள். "இது பார்மலின். அறுத்தெடுத்த ஈரலும் குடலும் கெடாம இருக்க ஆஸ்பத்திரியில ஊறப் போடற தண்ணி. கண்ணுல தண்ணி வந்தது இதனோட நெடியால. பாவமும் கரையல, புண்ணியமும் கரையல. கருங்காய்ச்சல் வந்தா உடம்பு பயந்துபோய்க் கண்டபடி எதிர்ப்புப் புரதத்தைத் தயார் பண்ணிக் கொட்டும். கிருமி அணுவுக்குள்ள ஒளிஞ்சிருக்கறதால அது ஒன்னும் கிழிக்காது, சும்மா ரத்தத்துல குவிஞ்சு கிடக்கும். பார்மலின் பட்டா அது உறைஞ்சுடும். இது பழங்காலத்து டெஸ்ட். வேற சில நோய்க்கும் உறையும், நோய் புதுசா இருந்தா உறையாது. அதனால நாங்க விட்டுட்டோம். பச்சைப் பாட்டில்ல இருக்கறது வெறும் குழாய்த் தண்ணி!"

"உங்க ஆஸ்பத்திரி குப்பையில போட்ட டெஸ்டு அது!" என்று சீறினார் கல்லய்யா. "நீ வரதுக்கு முன்னாடியே ஒம்பது வருஷம் அந்த லேப்ல குப்பி கழுவினவன் நான்! எனக்கே பாடம் எடுக்கறியா?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்குப் புரிந்தது. மகானின் பூர்வாசிரமம் அவர் வாயாலேயே வெளிவந்துவிட்டது. தாடிக்குள் முகம் வெளிறியது.

"அப்ப உனக்குத் தெரியும்" என்றார் தட்டுமாத்தியின் மனைவி. அந்த மெல்லிய குரலைக் கேட்கக் கூடமே காதைத் தீட்டியது. "யாருக்கு உறையுதோ அவங்களுக்கு என்ன நோய்னு உனக்கு முதல் நாளே தெரியும். மருந்து இருக்குன்னும் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே மருந்து சாப்பிடாதேன்னு சொல்லி உக்கார வச்ச. கண்டக்டரையும் அப்படித்தான் உக்கார வச்சே அனுப்பிட்ட."

வரிசையில் ஒரு பெரியவர் தன் பேத்தியின் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே, "அம்மா... இவளுக்கும் போன வாரம் கல்லு வந்துச்சே" என்றார். "எனக்கும்", "எங்க அண்ணனுக்கும்" என்று குரல்கள் எழுந்தன. மூன்று கிலோ என்று பீற்றிக்கொண்ட கல் எல்லோர் நெஞ்சிலும் உட்கார்ந்துவிட்டது.

பின்வாசல் வழியாக நழுவப் பார்த்த கல்லய்யாவை ஆட்டோக்காரர்களே மடக்கிப் பிடித்தார்கள். தட்டுமாத்தி இரண்டு குப்பிகளையும் கம்பி கட்டி ஈய முத்திரை போட்டார். பிறகு சுவரில் ஏறிக் கண்டக்டரின் படத்தைக் கழற்றித் துடைத்து எடுத்துக்கொண்டார். அன்று மதியம் மனைவியை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, சாயங்காலம் வரை வீடு வீடாகப் போய்த் தான் சேர்த்துவிட்ட ஆட்களை அழைத்து வந்தார். பதிமூன்று பேர் வந்தார்கள். பதினான்காவது வீட்டில் படத்தைக் கொடுத்துவிட்டுத் தலை குனிந்து நின்றார். கண்டக்டர் மனைவி படத்தை வாங்கிக்கொண்டாள், உள்ளே கூப்பிடவில்லை.

மருந்து மஞ்சளாகக் குழாய் வழியே இறங்கியது. நான்காம் நாள் காலையில் காய்ச்சல் இல்லை. மனைவி கஞ்சி கேட்டார். "இதுல உப்பும் இல்ல, உறைப்பும் இல்ல" என்று திட்டவும் திட்டினார். தட்டுமாத்திக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கொழுந்தியாளிடம் சொல்லப் பரிசோதனைக் கூடத்துக்கு ஓடினார்.

அங்கே வராந்தா முழுக்க ஐஸ் பேக்டரி வரிசை அப்படியே இடம் மாறி நின்றது. கொழுந்தியாள் கதவைத் திறந்ததும் முன்னால் நின்றவர் தடாலென்று அவள் காலில் விழுந்தார். "தாயே, உங்க கையால தொட்டு எடுத்தாத்தான் எங்க ரத்தம் சுத்தமாகும்!" அடுத்தவர் விழுந்தார். அதற்கடுத்தவர் அவள் தூக்கிப் போட்ட பழைய கையுறையைப் பொறுக்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தார். உணர்ச்சி வேகத்தில் தட்டுமாத்தியின் கைகளும் தாமாகவே குவிந்தன.

"மாமா, கையைக் கீழ போடுங்க!" என்று கத்தினாள் அவள். பிறகு வரிசையைப் பார்த்தாள்.

"எழுந்திருங்க எல்லாரும். இது என்ன டெஸ்ட்டு, எதுக்கு எடுக்கறீங்க, மருந்து என்ன செய்யும், ஒத்துக்கலேன்னா என்ன பண்றதுன்னு இவ்வளவு பேர்ல ஒருத்தராவது என்னைக் கேட்டீங்களா? அந்தக் கிருமிகூட உடம்புக்குள்ள வரணும்னா ஒரு பூச்சி வந்து கடிக்க வேண்டியிருக்கு. அந்தாளு மாதிரி ஆளுங்க உள்ள வர அதுகூடத் தேவையில்ல. நீங்க யோசிக்காம நின்னாலே போதும்."